எட்மண்டாக இரண்டு முறை: பாப்பா எஸ்ஸியேடு வந்த வழி

லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் இருக்கிறது நேஷனல் தியேட்டர். 2014-இல் அங்கே ஷேக்ஸ்பியரின் ‘கிங் லியர்’ ஓடிக்கொண்டிருந்தது. இயக்கம் சாம் மெண்டிஸ். லியராக சைமன் ரஸ்ஸல் பீல். ஆயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய பெரிய அரங்கம். ஒரு நாள் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, எட்மண்டாக நடித்துக்கொண்டிருந்த சாம் ட்ரௌட்டனுக்குக் குரல் போய்விட்டது. நாடகத்தை மேலே கொண்டுபோக வேறொருவர் எட்மண்டாக வர வேண்டும். வந்தவர், முதல் காட்சியில் பர்கண்டி பிரபுவாகத் தலைகாட்டிவிட்டு உள்ளே போயிருந்த ஓர் இளைஞர். பெயர் பாப்பா எஸ்ஸியேடு.

நாடகத்தைப் படித்தவர்களுக்கு இந்த இரண்டு வேடங்களுக்கும் நடுவே உள்ள தூரம் தெரியும். லியரின் கடைசி மகள் கார்டிலியாவுக்குச் சீதனம் கிடையாது என்று தெரிந்ததும் கல்யாணமே வேண்டாம் என்று நழுவிவிடுகிறவர் பர்கண்டி. சில வரிகள்தான், அதோடு அவர் வேலை முடிந்தது. எட்மண்ட் அப்படியல்ல. கிளாஸ்டர் பிரபுவுக்கு முறையற்ற வழியில் பிறந்த மகன், அண்ணனைக் காட்டிக்கொடுத்து, அப்பாவின் கண் போவதற்குக் காரணமாகி, இரண்டு அரசிகளைத் தன் பின்னால் அலையவிட்டுக் கடைசியில் வாள் சண்டையில் சாகிறவன். அவையோரிடம் நேராகப் பேசி அவர்களைத் தன் குற்றத்துக்குக் கூட்டாளிகளாக்கும் பாத்திரம். அதை ஆட்டத்தின் பாதியில் ஏற்பது என்றால், ஓடும் ரயிலில் ஏறி நேரே எஞ்சின் பெட்டிக்குப் போவது மாதிரி.

இப்படி ஏறுவதற்கென்றே பிரிட்டன் நாடக உலகில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அண்டர்ஸ்டடி என்பார்கள், நாம் பதிலி நடிகர் என்று சொல்லலாம். சிறு வேடத்தில் நடிக்கும் ஒருவர் பெரிய வேடம் ஒன்றின் வசனத்தையும் முழுக்கப் பாடம் பண்ணியிருப்பார். எந்த வரிக்கு எங்கே நிற்க வேண்டும், எந்தச் சொல்லுக்கு விளக்கு மாறும், வாளை எந்தக் கையில் வாங்க வேண்டும் என்று அத்தனையும் தெரிந்திருக்கும். அநேகமாக அது ஒருநாளும் தேவைப்படாது. மாதக்கணக்கில் தினமும் தயாராக வந்து, தினமும் தேவைப்படாமல் வீட்டுக்குப் போகிற வேலை அது. எஸ்ஸியேடுவைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தச் சம்பவத்தை ‘அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது’ என்கிற பாணியில் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ட்ரௌட்டனின் தொண்டை கட்டியது தற்செயல். எட்மண்டின் வரிகள் இன்னொருவர் வாயில் தயாராக இருந்தது தற்செயல் அல்ல. இந்த நடிகரின் வளர்ச்சியைப் புரிந்துகொள்ள, அவரைத் தயாராக வைத்திருந்த அந்த ஏற்பாட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அவர் பிறந்தது 1990 ஜூனில், லண்டனில். பெற்றோர் கானா நாட்டைச் சேர்ந்தவர்கள். நகரின் வடகிழக்கே உள்ள வால்தம்ஸ்டோவில் அம்மாதான் தனியாக வளர்த்தார். அவர் ஆடை வடிவமைப்பு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. அப்பா கானாவில் இருந்தார். மகன் பதின்ம வயதில் இருந்தபோதே இறந்துபோனார். பையன் படித்தது ஃபாரஸ்ட் ஸ்கூல் என்ற தனியார் பள்ளியில், உதவித்தொகை பெற்று. இந்த ஒரு விவரத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பிரிட்டனில் தனியார் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் நூற்றுக்கு ஏழு பேர்தான். ஆனால் அந்த நாட்டின் பெயர்பெற்ற நடிகர்களை எண்ணிப் பார்த்தால் அந்த ஏழில் இருந்து வந்தவர்கள் அளவுக்கு மீறி இருப்பார்கள். சொந்த நாடக அரங்கமும் முழுநேர நாடக ஆசிரியரும் உள்ள பள்ளிகள் அவை. எஸ்ஸியேடுவும் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போனார். கட்டணம் கட்டும் வசதியால் அல்ல, உதவித்தொகையால். அது கிடைக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் தெருவில் வளர்ந்த மற்ற பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும்.

புலம்பெயர்ந்த குடும்பங்களில் நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு எழுதிவைத்த பாதை எது என்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. அவருக்கும் மருத்துவம்தான். யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் மருத்துவப் படிப்புக்கு இடமும் கிடைத்துவிட்டது. அதை விட்டுவிட்டு கில்ட்ஹால் நாடகப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே அவருடன் படித்தவர் மிக்கேலா கோல். அவரும் லண்டனில் கானா குடும்பத்தில் பிறந்தவர். பின்னாளில் எஸ்ஸியேடுவின் வாழ்க்கையில் பெரிய திருப்பத்தைக் கொண்டுவரப்போகிறவர்.

இங்கிலாந்தில் பட்டப்படிப்புக் கட்டணத்தின் உச்சவரம்பு ஆண்டுக்கு 9000 பவுண்டாக உயர்ந்தது 2012-இல். எஸ்ஸியேடு படிப்பை முடித்து வெளியே வந்ததும் அதே ஆண்டில். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அந்தக் கடனைத் தலையில் வைத்துக்கொண்டுதான் நடிப்புப் படிக்க வேண்டும்; வருமானம் நிச்சயமில்லாத தொழிலுக்கு அது சின்னச் சுமை அல்ல.

நாடகப் பள்ளி நாட்களும் இனிமையானவை மட்டும் அல்ல. ஒரு வகுப்பில், முன்தயாரிப்பு இல்லாமல் நடிக்கும் பயிற்சியின்போது, சிறைக் காவலராக நடித்த ஆசிரியர் ஒருவர் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லால் தங்களை நோக்கிக் கத்தினார் என்று 2023-இல் ஒரு பேட்டியில் எஸ்ஸியேடு சொன்னார். அந்த அறையில் அவரும் கோலும் இருந்தார்கள். வேடத்துக்குள் இருந்தபடி சொன்ன சொல் என்பதால் அதைத் தட்டிக்கேட்கவும் முடியாமல், நடிப்பைத் தொடரவும் முடியாமல் தவிக்கிற நிலை. பள்ளி பின்னர் மன்னிப்புக் கேட்டது. நடிப்புப் பயிற்சி என்பது மனத்தின் காப்புகளையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு நிற்பது. அப்படி நிற்கும் மாணவர் மேல் இந்தச் சொல் விழுந்தால் அது வெளியில் விழும் அடியை விட ஆழமாக இறங்கும்.

படிப்பு முடிந்த ஆண்டே ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபர்டில் 1961-இல் பீட்டர் ஹால் உருவாக்கிய குழு இது. நேஷனல் தியேட்டரைப் போலவே இதற்கும் அரசு நிதி உண்டு. ‘த மெரி வைவ்ஸ் ஆஃப் விண்ட்சரி’ல் காதலன் ஃபென்டனாக ஒரு சிறு வேடம். 2015-இல் பிரிஸ்டல் நகரில், பழைய புகையிலைத் தொழிற்சாலைக் கட்டிடத்தில் இயங்கும் சின்ன அரங்கில் ரோமியோவாக நடித்தார். பெரிய அரங்கில் சின்ன வேடம், சின்ன அரங்கில் பெரிய வேடம் என்று மாறி மாறி ஏறும் படிக்கட்டு இது. ஷேக்ஸ்பியரின் செய்யுள் வரியை மூச்சு முட்டாமல், பாட்டு மாதிரி இழுக்காமல், இன்று நாம் பேசும் பேச்சாகவே சொல்லத் தெரிவதற்கு இதைவிடக் குறுக்குவழி கிடையாது.

பிறகு 2016. அதே ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி, அவருக்கு 25 வயதில் ஹாம்லெட்டைக் கொடுத்தது. அந்தக் குழுவின் வரலாற்றில் ஹாம்லெட்டாக நடித்த முதல் கறுப்பின நடிகர் அவர். பிரிட்டன் மேடையிலேயே முதல்வர் அல்ல. பீட்டர் புரூக் இயக்கத்தில் ஏட்ரியன் லெஸ்டர் அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே நடித்துவிட்டார். ஆனால் ஷேக்ஸ்பியரின் பெயரையே தாங்கி நிற்கும் குழுவுக்கு அதைச் செய்ய 55 ஆண்டுகள் ஆயின.

இயக்குநர் சைமன் காட்வின் கதை நடக்கும் டென்மார்க்கை மேற்கு ஆப்பிரிக்க நாடு ஒன்றின் சாயலுக்கு மாற்றினார். அநேகமாக எல்லா நடிகர்களும் கறுப்பினத்தவர்கள். நாடகம் தொடங்குவதே விட்டன்பர்க் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில்தான். வெளிநாட்டில் பட்டம் வாங்கிய கையோடு அப்பாவின் சாவுச் செய்தி வருகிறது; ஊருக்கு வந்தால் சித்தப்பா அரியணையில், அம்மா அவர் பக்கத்தில். அப்பாவின் ஆவி ஆப்பிரிக்க அங்கியில் வந்து நிற்கிறது. பைத்தியம் பிடித்தவனாக வேஷம் போடும் கட்டத்தில் இந்த ஹாம்லெட் தன் கோட்டு சூட்டின் மேலேயே வர்ணத்தைக் கொட்டிக்கொண்டு, நியூயார்க் ஓவியர் பாஸ்கியாவை நினைவூட்டும் கிரீடங்களும் கிறுக்கல்களுமாக அரண்மனையை ஓவியக் கூடமாக்குகிறான்.

இந்த மாற்றம் ஒப்பனை அல்ல என்பதுதான் என் எண்ணம். ஹாம்லெட்டை எப்போதும் அதிகம் யோசித்து ஒன்றும் செய்யாமல் நிற்கும் மனிதன் என்று சொல்லிச் சொல்லி நாம் பழகிவிட்டோம். வெளிநாட்டில் படித்துவிட்டு ஊர் திரும்பி, பிறந்த வீட்டிலேயே அந்நியனாகிப்போன பிள்ளை என்று வைத்துப் பாருங்கள். அந்தத் தயக்கம் முழுக்க வேறு பொருள் கொள்கிறது. ஆவியைக் கும்பிடுவதா, பல்கலைக்கழகத்தில் கற்ற சந்தேகத்தைக் கைக்கொள்வதா? எஸ்ஸியேடு அதைச் சுறுசுறுப்பும் குறும்புமாக நடித்தார். வருத்தத்தைச் சுமந்துகொண்டு நடமாடும் இளவரசனாக இல்லாமல், வருத்தத்தை மறைக்கச் சிரிப்பை எடுத்து வீசுகிற இளைஞனாக. அப்பாவைச் சிறு வயதில் இழந்தவர். அம்மாவையும் நாடகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். நடிகரின் சொந்தத் துக்கத்தையும் வேடத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இழவு வீட்டில் நிற்கும் ஒரு மகனின் உடம்பு எப்படி இருக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை.

அதே ஆண்டு அதே குழுவில் ‘கிங் லியர்’ மறுபடியும் வந்தது. இந்த முறை லியர், ஆண்டனி ஷேர். எட்மண்ட், பாப்பா எஸ்ஸியேடு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பாதி ஆட்டத்தில் இரவல் வாங்கிய வேடம் இப்போது அவர் பெயரிலேயே விளம்பரத்தாளில் அச்சாகியிருந்தது. ஹாம்லெட், எட்மண்ட் ஆகிய இந்த இரண்டு வேடங்களுக்காகவும் அவருக்கு இயன் சார்ல்சன் விருதின் முதல் பரிசு கிடைத்தது. முப்பது வயதுக்குட்பட்டவர்கள் செவ்வியல் நாடகங்களில் நடிப்பதற்கான விருது அது. சார்ல்சனை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம், பெயர் தெரியாமல். ‘காந்தி’ படத்தில் பாதிரியார் ஆண்ட்ரூஸாக வந்தவர் அவர்தான். எய்ட்ஸ் நோய் முற்றிய நிலையிலும் 1989-இல் நேஷனல் தியேட்டரில் ஹாம்லெட்டாக நின்று நடித்துவிட்டு, சில வாரங்களில், 40 வயதில் காலமானார். அவர் பெயரிலான விருதை இன்னொரு ஹாம்லெட் வாங்குவதில் ஒரு நிறைவு இருக்கிறது.

2018-இல் அந்த ஹாம்லெட் சுற்றுப்பயணம் போனது. லண்டனில் அது நடந்த இடம் ஹாக்னி எம்பயர், எஸ்ஸியேடு வளர்ந்த வால்தம்ஸ்டோவிலிருந்து கூப்பிடு தூரம். அங்கிருந்து வாஷிங்டனின் கென்னடி சென்டர் வரை போனது.

தொலைக்காட்சி வேடங்கள் இதற்கிடையே வந்துகொண்டுதான் இருந்தன. எல்லாம் ஒன்றுகூடியது 2020-இல். மார்ச் மாதம் கொரோனாவால் பிரிட்டனின் எல்லா அரங்குகளும் மூடப்பட்டன. ஏப்ரலில் ‘கேங்ஸ் ஆஃப் லண்டன்’ தொடரில் அலெக்ஸ் டுமானியாக வந்தார். ஜூனில் ‘ஐ மே டெஸ்ட்ராய் யூ’. பழைய ஹாம்லெட்டின் ஒளிப்பதிவையும் பிபிசி வீட்டுக்குள் அடைந்துகிடந்தவர்களுக்காக வெளியிட்டது. அரங்கம் பூட்டிக் கிடந்த ஆண்டில் ஒரு மேடை நடிகர் வீடுதோறும் போய்ச் சேர்ந்தார்.

‘ஐ மே டெஸ்ட்ராய் யூ’வை எழுதி, இணைந்து இயக்கி, நடித்தவர் பழைய வகுப்புத்தோழி மிக்கேலா கோல். பன்னிரண்டு பகுதிகள். பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண்ணின் கதை. அவளுடைய நண்பன் குவாமேயாக எஸ்ஸியேடு. குவாமேக்கும் அதே கொடுமை நேர்கிறது. ஆனால் அவன் ஆண், தன்பாலின ஈர்ப்புள்ளவன், கறுப்பினத்தவன். புகார் கொடுக்கப் போகும் காவல் நிலையக் காட்சியை மறக்க முடியவில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு இதைக் கேட்கவும் கூச்சம், எழுதவும் தெரியவில்லை. குவாமே உதவும் தொனியில், அந்த அதிகாரியின் சங்கடத்தைக் குறைப்பது தன் பொறுப்பு என்பது போல மெல்லப் பேசுகிறான். ஒவ்வொரு கேள்விக்கும் தோள் கொஞ்சம் உள்ளே மடங்குகிறது. கடைசியில் எழுந்து போய்விடுகிறான். ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி பேசப் பழகிய ஒருவர், பேசாமல் விடுவதை எங்கே கற்றார் என்று கேட்கத் தோன்றும். மேடையில்தான் கற்றார் என்பேன். எந்தச் சொல்லுக்கு எவ்வளவு மூச்சு வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் எந்த இடத்தில் மூச்சை விடாமல் பிடித்துக்கொள்ளலாம் என்றும் தெரியும். அந்த வேடத்துக்கு அமெரிக்காவின் எம்மி, பிரிட்டனின் பாஃப்டா என்ற இரண்டு தொலைக்காட்சி விருதுகளுக்கும் பரிந்துரைக்கப்பட்டார்.

பிறகு திரை வேடங்கள் வரிசையாக வந்தன: ‘த கேப்ச்சர்’ இரண்டாம் பருவம், காலத்தைத் திருப்பி ஓட்டும் ‘த லாசரஸ் ப்ராஜெக்ட்’, ‘மென்’, ‘தி அவுட்ரன்’. இவற்றில் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ‘பிளாக் மிரர்’ தொடரின் ‘டீமன் 79’. 1979-இல், வட இங்கிலாந்து நகரம் ஒன்றில் செருப்புப் பிரிவில் வேலை செய்யும் நிடா என்ற இளம்பெண்ணிடம் ஒரு பூதம் வந்து, மூன்று நாளில் மூன்று பேரைக் கொல்லாவிட்டால் உலகம் அழியும் என்கிறது. பூதம் எஸ்ஸியேடு, எழுபதுகளின் டிஸ்கோ குழுவான போனி எம்-இன் பாடகரைப் போல மினுமினுக்கும் உடையில். நிடாவாக நடித்தவர் அஞ்சனா வாசன். சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்து பிரிட்டன் மேடையில் பெயர் வாங்கிய நம்மவர். இனவெறி மேசைக்கு மேசை முணுமுணுக்கும் ஒரு கடையில் தனியாகச் சோறு தின்ன வேண்டிய பெண்ணும், அவளுக்குக் கிடைக்கும் ஒரே துணையான பூதமும். இருவருமே ஷேக்ஸ்பியர் வரிகளில் பழகியவர்கள். அந்த லாகவம் நகைச்சுவையிலும் தெரிகிறது.

நான் கவனித்த வரை, எஸ்ஸியேடுவின் போக்கில் முக்கியமானது, திரை கைகொடுத்த பிறகும் அவர் மேடையை விடவில்லை என்பது. 2022-இல் ஓல்ட் விக் அரங்கில் கேரல் சர்ச்சிலின் ‘எ நம்பர்’. ஒரு மணி நேர நாடகம், இரண்டே நடிகர்கள். தந்தையாக லெனி ஜேம்ஸ். ஒரே மரபணுவில் உருவான மூன்று மகன்களாக எஸ்ஸியேடு. மூவருக்கும் முகம் ஒன்று, வளர்ந்த வீடு வேறு. பொய்யில் வளர்ந்தவன், கைவிடப்பட்டவன், எதுவும் அறியாமல் நிம்மதியாக வளர்ந்தவன். இந்த நாடகம் 2002-இல் முதலில் மேடையேறியபோது இதே வேடங்களில் நடித்தவர் டேனியல் கிரெய்க், ஜேம்ஸ் பாண்ட் ஆவதற்கு முன்னால்.

அடுத்த ஆண்டு நேஷனல் தியேட்டரில் லூசி பிரெபிளின் ‘தி எஃபெக்ட்’. மனச்சோர்வுக்கான மருந்தைப் பரிசோதிக்கும் கூடத்தில் சம்பளத்துக்கு அடைந்துகிடக்கும் இருவர் காதலிக்கிறார்கள். அது காதலா மருந்தா என்று அவர்களுக்கே தெரியவில்லை. இயக்குநர் ஜேமி லாய்ட் பார்வையாளரை இரு பக்கமும் உட்காரவைத்து நடுவில் வெறும் ஒளித்தரையில் நடிகர்களை விட்டார். ஒதுங்கி நிற்க ஒரு மேசைகூடக் கிடையாது. அந்த நாடகம் நியூயார்க்கும் போனது.

2025 ஏப்ரலில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான ஹெச்பிஓ ‘ஹாரி பாட்டர்’ தொடருக்கான நடிகர்களை அறிவித்தது. மந்திரப் பள்ளி ஆசிரியர் செவரஸ் ஸ்நேப்பாக பாப்பா எஸ்ஸியேடு. அன்றே இணையத்தில் இரைச்சல் கிளம்பியது. அதில் பெரும்பகுதி பதில் சொல்லத் தகுதியில்லாத நிறவெறி. ஒரு சிறு பகுதி மட்டும் நேர்மையான கேள்வி: வெளிறிய தோல், எண்ணெய் வழியும் தலைமுடி என்று நாவலில் வருகிற பாத்திரம் இது, பள்ளிப் பருவத்தில் ஹாரியின் அப்பாவும் நண்பர்களும் ஸ்நேப்பைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கேலி செய்கிற காட்சி, அவன் கறுப்பினச் சிறுவனானால் வேறு பொருள் கொள்ளாதா? கொள்ளும். அதைத் தெரிந்தே எடுத்தால் கதை ஆழமாகும், தெரியாமல் எடுத்தால் புண்படுத்தும். அது எழுதுகிறவர், இயக்குகிறவர் பொறுப்பு. நடிகரைப் பொறுத்தவரை ஸ்நேப் வேடம் என்ன கேட்கிறது என்று பார்த்தால், எஸ்ஸியேடுவின் பெயர் எனக்கு இயல்பாகவே தோன்றுகிறது. இரண்டு தரப்புக்கும் உளவாளியாக, உள்ளே இருப்பதை முகத்தில் காட்டாமல் ஏழு ஆண்டுகள் நிற்க வேண்டும். பார்க்கிறவருக்கு மட்டும் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருக்க வேண்டும். முன்பு எட்டுப் படங்களில் அதைச் செய்த ஆலன் ரிக்மேனும் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் மேடையிலிருந்து வந்தவர்தான். நாற்பதைத் தாண்டிய பிறகுதான் அவருக்கு முதல் சினிமாவே.

அந்த மேடைகளிலும் காட்சி மாறிக்கொண்டிருக்கிறது. நேஷனல் தியேட்டரின் தலைமைப் பொறுப்பில் 2025 முதல் இருப்பவர் இந்து ருபசிங்கம். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு ஷெஃபீல்டில் பிறந்தவர். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். அதே ஆண்டு அங்கே ஹாம்லெட்டாக நடித்தவர் கொழும்பில் பிறந்த ஹிரான் அபேசேகர. 2016-இல் செய்தியாக இருந்தது ஒன்பது ஆண்டுகளில் வழக்கத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கவலை வேறு இடத்தில் இருக்கிறது. சின்ன வேடத்தோடு பெரிய வேடத்தையும் பாடம் பண்ணிக்கொண்டு காத்திருக்க ஓர் இளைஞருக்குச் சம்பளம் கொடுக்கும் குழுக்கள் பொதுப் பணத்தில் நிற்கின்றன. அந்தப் பணம் சுருங்கினால் முதலில் வெட்டுப்படுவது விளம்பரத்தாளில் பெயர் வராதவர்களின் வேலைதான். உதவித்தொகை, அரசு நிதி, சிறு நகரத்து அரங்கம் ஆகிய மூன்றில் ஒன்றை உருவினாலும் 2014-இல் நேஷனல் தியேட்டரின் சைடு விங்கில் எட்மண்ட் தெரிந்த அந்தப் பையன் நின்றிருக்க மாட்டார்.

‘ஹாரி பாட்டர்’ படப்பிடிப்பு 2025 ஜூலையில் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் எஸ்ஸியேடு லண்டனின் வணிக நாடக வட்டாரமான வெஸ்ட் எண்டின் விண்டம்ஸ் அரங்கில் இருந்தார். ஆர்தர் மில்லரின் ‘ஆல் மை சன்ஸ்’. பழுதான எஞ்சின் பாகங்களை விமானப்படைக்கு அனுப்பி 21 விமானிகளின் சாவுக்குக் காரணமான தொழிலதிபராக பிரையன் கிரான்ஸ்டன். அந்த உண்மையைக் கடைசியில் எதிர்கொள்ளும் மகன் கிறிஸ்ஸாக எஸ்ஸியேடு. மார்ச் வரை ஓடியது.